தலைக்குள் இருந்த வீட்டை இறக்கி வைத்தேன்

அரசு வேலைக்காக டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை 2022 ஜூலை 24, இரண்டாவது தடவை 2024 ஜூன் 9. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. முதல் தடவை எழுதியபோது சின்னவனுக்கு ஒன்றே முக்கால் வயதுகூட ஆகவில்லை, மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் அத்தையும் உண்டு. கணவருக்கு டூவீலர் பட்டறை. காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். இவ்வளவுக்கும் நடுவில்தான் படிப்பு. என்னைப் போலக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்கும் பெண்களுக்கு, நான் பட்டது எதற்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

2022 பொங்கல் முடிந்த கையோடு, மகளின் சார்ட் பேப்பர் ஒன்றை எடுத்து நேர அட்டவணை போட்டேன். காலை 4 முதல் 6 வரை தமிழ், மதியம் 1 முதல் 3 வரை பொது அறிவு, இரவு 10 முதல் 12 வரை கணக்கு. பார்க்க அழகாக இருந்தது. ஒன்பது நாள் ஓடியது.

பத்தாம் நாள் ஏன் நின்றது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவின் சூடு விலகினாலே விழிப்புத் தட்டிவிடும். நான் நாலு மணிக்கு எழுந்தால் அவன் நாலேகாலுக்கு எழுந்துவிடுவான். அவனை மறுபடி தூங்க வைப்பதற்குள் ஐந்தரை ஆகிவிடும், படிப்பும் போச்சு, தூக்கமும் போச்சு. அந்த ஆறு மாதமும் நாலு மணி நேரம், நாலரை மணி நேரம் என்றுதான் தூங்கினேன். ஒரே பக்கத்தை நாலு முறை படித்தும் என்ன படித்தேன் என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்த இரவுகள் நிறைய. இரண்டாவது தடவை ஆறரை மணி நேரத் தூக்கத்தை எதற்காகவும் குறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். படித்த நேரம் குறைந்தது, மனதில் நின்றது கூடியது.

அந்த முதல் வருடம் நடந்த ஒன்றை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஜூன் மாதம், சாதிச் சான்றிதழைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். சின்னவனின் தடுப்பூசி அட்டை கையில் வந்தது. ஒன்றரை வயது ஊசிக்கான தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கை நடுங்கிவிட்டது. அடுத்த புதன்கிழமை காலையிலேயே அவனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த செவிலியர் அட்டையைப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா, இப்பப் போட்டுக்கலாம். இனிமே தள்ளிப் போடாதீங்க” என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர், “சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘சொல்லியிருந்தா’ பல நாள் என் காதிலேயே நின்றது.

வேலை செய்ய வீட்டில் ஆள் இருந்தார்கள். எந்த வேலை எப்போது வரும் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். சிலிண்டர் மாற்றியது எப்போது, மாவு எந்த நாள் தீரும், அத்தையின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை இருக்கிறது, மகளுக்கு எந்தக் கிழமை எந்த நோட்டு, பால் கணக்கு எவ்வளவு, கரண்ட் பில் கடைசித் தேதி என்ன, எல்லாம் என் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்ததும் படிப்புக்கு முன்னால் இவைதான் வந்து நின்றன. எனக்கு நேரம் போதவில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய குறை, மனதில் இடம் இல்லாததுதான்.

அந்த ஜூலையில் தேர்வு எழுதினேன். அத்தை சின்னவனை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கெல்லாம் எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. தமிழில் நூற்றுக்கு எண்பத்துநாலு சரி. கணக்குப் பகுதியில் இருபத்தைந்துக்குப் பதினொன்றுதான். அதைக் கடைசியில் வைத்திருந்தேன், நேரம் போய்விட்டது. 2023 மார்ச்சில் முடிவு வந்தபோது என் இடம் வெகு தூரத்தில் இருந்தது.

முடிவு வந்த வாரத்திலேயே, பிள்ளைகள் தூங்கியபிறகு, கோடு போடாத நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைக்குள் இருக்கிற வீட்டு விஷயம் ஒன்றுகூட விடாமல் எழுதுவது என்று தொடங்கினேன். இரண்டு இரவு ஆயிற்று. மொத்தம் எழுபத்துமூன்று. ‘குடத்துக்கு அடியில் பாசி படியாமல் தேய்ப்பது’ வரைக்கும் எழுதினேன். மூன்றாம் நாள் இரவு கணவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது அந்த நோட்டைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். நாலு பக்கம். படித்து முடித்தும் ஒன்றும் பேசவில்லை. பாயில் உட்கார்ந்து, பேனாவை வாங்கி, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் டிக் போட ஆரம்பித்தார். பத்தொன்பது டிக். “இதெல்லாம் இனிமே என்னுது. நீ ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்” என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உதவி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது. பொறுப்பு என்று ஒப்படைத்தால் ஒரு தடவை போதும். ஆனால் ஒப்படைத்ததைத் திரும்ப எடுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அவர் துணி மடிக்கிற விதம் எனக்குப் பிடிக்காது. சட்டைக் காலர் உள்ளே போய்விடும். முதல் மாதம் அவர் மடித்ததை நான் பிரித்து மறுபடி மடித்தேன். அதைப் பார்த்துவிட்டு, “அப்போ நான் எதுக்கு?” என்றார். அன்றோடு விட்டேன். காலர் கசங்கினால் கசங்கட்டும்.

நோட்டில் இருந்ததைச் சுருக்கி ஒரு பெரிய தாளில் எழுதி, சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். நாலு கட்டம்: தினமும், வாரத்தில், மாதத்தில், எப்போதாவது. ஒவ்வொன்றுக்கு நேரேயும் பொறுப்பு யாருடையது என்று ஒரு எழுத்து. அத்தைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “ஏம்மா, கடையில நோட்டீஸ் ஒட்டுற மாதிரி ஒட்டியிருக்கியே, வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?” என்றார். அவர் மனம் வருந்தியது நியாயம்தான். முப்பது வருடம் இதையெல்லாம் தாள் இல்லாமல் நடத்தியவர். “அத்தை, உங்க அளவுக்கு எனக்கு ஞாபகம் நிக்கலை, அதான்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பதினைந்து நாள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள், “மாத்திரை வாங்குற தேதியைப் பெருசா எழுது, எனக்குக் கண்ணு தெரியலை” என்றார். மறுநாளே சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி வைத்தேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

குரூப் 4 பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், ஒரே தாள். அதில் நூறு கேள்வி தமிழ், எழுபத்தைந்து பொது அறிவு, இருபத்தைந்து கணக்கும் அறிவுக்கூர்மையும். தமிழில் 40 சதவீதம் வாங்கவில்லை என்றால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரத்தில் இருக்கும், அதனால் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் அடிப்படை. ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை நேர அட்டவணை போடவில்லை. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் கடிகாரத்தை நம்பிப் போட்ட திட்டம் நிற்காது என்று பார்த்துவிட்டேன். அதற்குப் பதிலாக, நடுவில் யாராவது கூப்பிட்டால் தாங்குமா, தாங்காதா என்று பாடங்களைப் பிரித்தேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. மூன்று வகை: காதால் படிக்கிறது, கையில் வைத்துப் படிக்கிறது, உட்கார்ந்து படிக்கிறது.

காதால் படிப்பது சமையலுக்கு. அரசியலமைப்புச் சரத்துகள், ஆண்டுகள், நூல்–நூலாசிரியர், இலக்கணக் குறிப்பு இதையெல்லாம் நானே வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்துகொண்டேன். கேள்வியைச் சொல்லிவிட்டு ஐந்து எண்ணும் நேரம் சும்மா விட்டு, அப்புறம் பதில். வெங்காயம் உரிக்கும்போதும் தோசை ஊற்றும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் பேசிய வீடியோக்களையும் கேட்டுப் பார்த்தேன், ஆனால் என் குரலில் கேட்டதுதான் மனதில் நின்றது. பதிவு செய்யும்போதே ஒரு தடவை படித்துவிடுகிறோம் இல்லையா? ஒருநாள் காலை, “ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, எந்தச் சரத்து?” என்று போன் கேட்டது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஜடை பின்னாமல் நின்றுகொண்டிருந்த மகள், “இருபத்தொண்ணு ஏ! எண்பத்தாறாவது திருத்தம்! ரெண்டாயிரத்து ரெண்டு!” என்று கத்தினாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை.

கையில் வைத்துப் படிப்பதற்கு, தினம் கிழிக்கிற காலண்டர் தாள். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மேலே ஒரு கேள்வி, கீழே பதிலை எழுதி, பதில் தெரியாதபடி மேல்நோக்கி மடித்துவிடுவேன். ஒரு தாளில் ஒரே விஷயம். இதற்கு மூன்று ஸ்வீட் பாக்ஸ் வைத்திருந்தேன்: நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம். பதில் தெரிந்தால் தாள் அடுத்த பெட்டிக்குப் போகும், தெரியவில்லை என்றால் ‘நாளை’க்கே திரும்பும். எந்நேரமும் நைட்டி பாக்கெட்டில் ஏழெட்டுத் தாள் இருக்கும். விடிகாலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஒரு குடம் நிறைய மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு இரண்டு தாள். அங்கன்வாடி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது நாலு தாள். ரேஷன் கடை வரிசையில் மொத்தக் கட்டும் முடிந்துவிடும். யாராவது கூப்பிட்டால் பாக்கெட்டில் போட்டுவிட்டுப் போகலாம். திரும்பி வந்து எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

உட்கார்ந்து படிப்பது கணக்குக்கும் பழைய வினாத்தாளுக்கும் மட்டும். தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, நேரமும் வேலையும், இதெல்லாம் நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் வீட்டில் கிடைக்கிற நல்ல நேரத்தை, யாரும் கூப்பிடாத அந்த ஒரு மணி நேரத்தை, கணக்குக்கு ஒதுக்கினேன். சின்னவனை அங்கன்வாடியில் விட்டு வந்ததும் பத்து மணி முதல் பதினொன்று வரை. முதல் தடவை அதே நேரத்தில் பாத்திரம் கழுவினேன், துணி துவைத்தேன், களைத்துப் போய் அப்புறம் புத்தகத்தை எடுத்தேன். இப்போது பாத்திரம் தொட்டியில் கிடக்கும். குழந்தை முழித்திருக்கும்போது பாத்திரம் கழுவலாம், அவனும் தண்ணீரில் விளையாடுவான். கூட்டுவட்டி போட முடியாது. பிள்ளை இல்லாத நேரத்தை வீட்டு வேலைக்குக் கொடுக்காதீர்கள் என்று எந்தத் தாயிடமும் அடித்துச் சொல்வேன்.

காலையில் எனக்கு நாற்பது நிமிடம் கூடுதலாகக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பள்ளியிலேயே சாப்பிட்டாள். அதுவரை எழுந்ததும் அவளுக்கு டிபன், அடுத்து எல்லோருக்கும் சாப்பாடு என்று இரண்டு சமையல். அது ஒன்றானது. பிள்ளைகளின் பசிக்காக வந்த திட்டம்தான், என் கணக்கில் அது காலை நேரமாகவும் வந்து சேர்ந்தது.

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வாரத்துக்கான முன்வேலை. மாவு அரைப்பது, சின்ன வெங்காயம் உரித்து டப்பாவில் போடுவது, பூண்டு, புளி கரைத்து வைப்பது, மகளின் சீருடைகளை வரிசையாக ஹேங்கரில் மாட்டுவது. என்ன சமையல் என்று தினமும் யோசிப்பதை நிறுத்தினேன். திங்கள் சாம்பார், செவ்வாய் ரசமும் பருப்புத் துவையலும், புதன் புளிக்குழம்பு என்று கிழமைக்கு ஒன்று. ஒரு வருடம் அதேதான். யாரும் குறை சொல்லவில்லை.

மாதத்தில் நாலு வாரத்துக்கும் பாடம் வைப்பதையும் நிறுத்தினேன். மூன்று வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு நாலாவது வாரத்தைக் காலியாக விட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், விருந்தாள் வருவார்கள், மாதவிடாய் வலியில் படுக்க வேண்டிவரும். விட்டுப்போனது எல்லாம் அந்த வாரத்துக்குப் போகும். முன்பெல்லாம் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவனைத் தோளில் போட்டுக்கொண்டே ‘இன்றைய பாடம் போச்சே’ என்று உள்ளுக்குள் புழுங்குவேன். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது அப்படி நினைத்தோமே என்ற குற்ற உணர்ச்சி வேறு. நாலாவது வாரம் இருக்கிறது என்று தெரிந்தபிறகு, காய்ச்சல் நாளில் நான் முழுக்க அவனுடைய அம்மாவாக மட்டும் இருந்தேன்.

மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். தினமும் போக என்னால் முடியவில்லை. மாதிரித் தேர்வு வைக்கிற நாளுக்கு மட்டும் போனேன். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து எழுதும் பழக்கம் அங்கேதான் வந்தது. வீட்டில் வருடக் கணக்கில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத உடம்பு நம்முடையது. அதற்கும் பயிற்சி வேண்டும். விடைத்தாளில் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் நிரப்புவது, தெரியாத கேள்விக்கு ஆங்கில ‘E’ வட்டத்தை நிரப்புவது, கடைசியில் எந்த எழுத்து எத்தனை என்று எண்ணி எழுதுவது எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். கணக்கை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது என்று அங்கே பழகினேன்.

இழந்ததும் உண்டு. 2024 பிப்ரவரியில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். மூன்று நாள் முன்னாலேயே போயிருக்க வேண்டும். நான் விழா அன்று காலையில் போய் மாலையே திரும்பினேன். “அண்ணிக்குப் படிப்புதான் பெருசு” என்று அவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. மற்ற விசேஷங்களுக்குப் போகாததில் எனக்கு வருத்தமில்லை. இதற்கு மட்டும் மூன்று நாள் கொடுத்திருக்கலாம், நாலாவது வாரம் அதற்காகத்தானே இருந்தது. பின்னால் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பேசுகிறோம்.

கடைசி ஆறு வாரம் கோடை விடுமுறை. இரண்டு பிள்ளைகளும் வீட்டில், வெளியே தகிக்கிற வெயில். நான் மிகவும் பயந்தது அந்த நாட்களுக்குத்தான். கணவர் காலை ஆறிலிருந்து எட்டரை வரை பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். குளத்துக்குக் கூட்டிப்போவார், திரும்பி வரும்போது பால் வாங்கி வருவார். அந்த இரண்டரை மணி நேரத்தில் பழைய வினாத்தாள் முழுதாக ஒன்று எழுதிவிடுவேன். பகலில் புதுப் பாடம் எதுவும் இல்லை, காலண்டர் தாள் மட்டும். மகள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். சின்னவன் தாள்களை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றுவான். சில சமயம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவிடுவான், மறுபடி பிரிப்போம்.

ஜூன் 9 ஞாயிறு தேர்வு. மறுநாள் திங்கள், ஜூன் 10, பள்ளி திறப்பு. தேர்வு முடிந்து மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகளின் சீருடை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. பை, தண்ணீர் பாட்டில், புது நோட்டுக்கு அட்டை எல்லாம் தயார். சுவரில் ‘பள்ளி திறப்பதற்கு முன்’ என்று நான் ஏப்ரலிலேயே எழுதி வைத்திருந்த ஏழு வரிக்கும் நேரே டிக் இருந்தது. ஐந்து கணவருடையது. இரண்டு டிக் கோணலாக, சிவப்பு ஸ்கெட்ச்சில். அத்தை போட்டது. அன்று மதியம் பிள்ளைகளோடு படுத்து மாலை ஆறு மணி வரை தூங்கினேன்.

அக்டோபரில் முடிவு வந்தது. கணக்கில் இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று. அடுத்த வருடம் கலந்தாய்வுக்குச் சென்னை போனபோது கணவர் பட்டறையை இரண்டு நாள் மூடிவிட்டு உடன் வந்தார். பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொண்டார். இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். காலை எட்டேகாலுக்குப் பஸ்.

சுவரில் இருக்கிற தாள் இது மூன்றாவது. போன வாரம் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது ‘எப்போதாவது’ கட்டத்தில் பென்சிலால் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘அம்மா செருப்பு அறுந்துருச்சு, தைக்கணும்.’ மகளின் கையெழுத்து. பொறுப்பு யாருடையது என்ற இடத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தாள். செருப்பு தைத்து வாசலில் இருந்தது.